புகையைப் பிடிக்க 20,000 கோடி: யாருக்கு இந்தப் பணம்? நமக்கு இதில் என்ன?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, நம்ம தென்ன மரமெல்லாம் காத்துல உள்ள புகையக் குடிக்காம்லா. அதுக்கு கவர்மெண்டு கோடிக்கணக்குல பைசா ஒதுக்கியிருக்காம். ஒருத்தன் பேப்பர் கொண்டாந்து ஒப்புப் போடச் சொல்லுகான். உள்ளதுதானா?”

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். எட்டுப் பக்கம், முழுக்க ஆங்கிலம். நடுவில் ஓரிடத்தில் 30 ஆண்டு என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் அவருடைய கையெழுத்துக்கு இடம். “இப்ப ஒப்புப் போடாதீங்க மாமா. கொஞ்சம் விசாரிச்சுட்டுச் சொல்லுகேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விசாரித்ததில் ஒன்று தெளிவானது. அரசு பணம் ஒதுக்கியிருப்பது உண்மை. 2026 பிப்ரவரி 1-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட மத்திய பட்ஜெட்டில், கார்பனைப் பிடிக்கும் தொழில்நுட்பத்துக்கு 5 ஆண்டுகளில் 20,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் அந்தப் பணம் தென்னை மரத்துக்கு இல்லை. பெரியவரிடம் வந்த காகிதத்துக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழைத்து யாரோ அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

தோப்பும் ரப்பரும் வைத்திருக்கிற குடும்பங்கள் நம்மில் பல உண்டு. இதே காகிதம் நாளை இன்னொரு வீட்டுக்கும் வரலாம். அதனால் அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

பெயர் ஒன்று, வேலை மூன்று

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எதை எரித்தாலும் கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. உலகம் முழுவதும் இப்படி ஓர் ஆண்டில் வெளிவருவது சுமார் 3,700 கோடி டன். இந்தியாவின் பங்கு சுமார் 300 கோடி டன். இந்த வாயு காற்றில் சேரச் சேர பூமியின் சூடு ஏறுகிறது. கடல் சூடாகிறது, மழை முறை தவறுகிறது, புயலின் வேகம் கூடுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் இந்த மாவட்டம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் புயல் இதனால்தான் வந்தது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாது. ஆனால் கடல் சூடாகச் சூடாக அத்தகைய புயல்கள் வலுப்பெற வழி கூடுகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இந்த வாயுவை என்ன செய்வது? நாகர்கோவில்காரர்களுக்கு வலம்புரிவிளை குப்பைக் கிடங்கை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும். குப்பைப் பிரச்சினைக்கு மூன்று வேலைகள் உண்டு. முதல் வேலை, குப்பையையே குறைப்பது. இரண்டாவது, வீட்டு வாசலிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்குவது. மூன்றாவது, பல வருடங்களாகக் குவிந்து மலையாகக் கிடப்பதைத் தோண்டிப் பிரித்தெடுப்பது. இந்த மூன்றாவது வேலைதான் எல்லாவற்றிலும் சிரமம், செலவும் அதிகம்.

கார்பன் விஷயத்திலும் இதே மூன்று. சூரிய மின்சாரம், காற்றாலை, மின்சார வண்டி இவையெல்லாம் முதல் வகை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சுற்றும் காற்றாலைகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆலையின் புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடிப்பது இரண்டாம் வகை. ஏற்கெனவே காற்றில் கலந்துவிட்ட வாயுவைத் திரும்ப எடுத்து, மீண்டும் வெளியேறாதபடி வைப்பது மூன்றாம் வகை. இதற்குத்தான் கார்பன் அகற்றுதல் என்று பெயர்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரம் பெரிது. அரிசியில் கல் பொறுக்குவதை நினைத்துப் பாருங்கள். நிலக்கரி ஆலையின் புகையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கரியமில வாயு. எட்டு அரிசிக்கு ஒரு கல் கிடப்பது போல. சாதாரணக் காற்றில் அது சுமார் 2,400-ல் ஒரு பங்குதான். கல் குறையக் குறைய, ஒரு கல்லுக்காகப் புடைக்க வேண்டிய அரிசி கூடும். அதனால்தான் காற்றிலிருந்து இயந்திரம் வைத்து ஒரு டன் எடுக்க நூற்றுக்கணக்கான டாலர் ஆகிறது. ஐஸ்லாந்தில் இப்படி ஓர் ஆலை 2024-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 36,000 டன் எடுக்க வடிவமைக்கப்பட்ட அதுதான் அப்போது உலகிலேயே பெரியது.

செய்தித்தாளில் “கார்பன் திட்டம்” என்று எதைப் படித்தாலும், இந்த மூன்றில் இது எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பக்கத்து மாவட்டத்தில் நடந்த கதை

இந்தியாவில் இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டும் முயற்சி நமக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடியில் நடந்தது. அங்கே தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்ட்டிலைசர்ஸ் என்ற தொழிற்சாலை உண்டு. சோப்புத் தூள், கண்ணாடி செய்யப் பயன்படும் சோடா உப்பு தயாரிக்கிறார்கள். சோடா உப்பு செய்யக் கரியமில வாயு ஒரு மூலப்பொருள். 2016-ல் அங்கே நிலக்கரி கொதிகலனின் புகையிலிருந்தே அந்த வாயுவைப் பிடிக்கும் கருவியை நிறுவினார்கள். ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் திறன் கொண்டது. புகையை ஒரு திரவத்தின் வழியாகச் செலுத்துவார்கள். திரவம் கரியமில வாயுவை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு திரவத்தைச் சூடாக்கினால் வாயு தனியாக வந்துவிடும். திரவத்தை மறுபடி பயன்படுத்தலாம்.

உலகப் பத்திரிகைகள் இதை எழுதியதற்குக் காரணம், இது அரசு மானியம் இல்லாமல் நடந்தது என்பதுதான். வாயு அவர்களுக்கு மூலப்பொருள். அதை விலை கொடுத்து வாங்குவதைவிடத் தன் புகையிலிருந்தே எடுப்பது லாபம். எனவே செய்தார்கள்.

இதன் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. அந்தத் திரவத்தை உருவாக்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தை 2009-ல் தொடங்கியவர்கள் அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் என்ற இரண்டு இளைஞர்கள். இருவரும் ஐ.ஐ.டி. கரக்பூரில் படித்தவர்கள். இங்கே முதலீடு கிடைக்கவில்லை. பிரிட்டன் அரசு மானியமும் கொடுத்து விசாவும் கொடுத்து அழைத்தது. நிறுவனம் லண்டனுக்குப் போனது. நம் நாட்டுப் பிள்ளைகள் கண்டுபிடித்தது, நம் பக்கத்து ஊரில் பயன்பட்டது, ஆனால் அதற்கு ஆரம்பத்தில் கைகொடுத்தது வேறொரு நாட்டின் அரசு.

இதில் இரண்டு உண்மைகளைச் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்று, சோடா உப்பைக் கண்ணாடி உருக்கும்போதும், சமையல் சோடாவை அடுப்பில் சூடாக்கும்போதும், பிடித்து வைத்த வாயு மறுபடி வெளியே வருகிறது. ஆக இது வாயுவை இரண்டாம் முறை பயன்படுத்துவதே தவிர, நிரந்தரமாகப் பூட்டி வைப்பது அல்ல. இரண்டாவது, 60,000 டன் என்பது இந்தியா ஓர் ஆண்டில் வெளியிடுவதில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. சோடாவுக்குத் தேவைப்படும் அளவு மட்டும்தான் இந்த வழியில் விலைபோகும். மிச்சமுள்ள கோடிக்கணக்கான டன்னை வாங்க யாரும் இல்லை. அதைப் பூமிக்கடியில் புதைக்கத்தான் வேண்டும். புதைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. லாபம் இல்லாத வேலைக்கு யார் பணம் கொடுப்பது? அரசுக் கொள்கை என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

அரசுகள் எப்படிப் பணம் கொடுக்கின்றன?

குப்பைக்கு வீட்டுக்காரர் கட்டணம் கட்டுவதா, மாநகராட்சி பொதுப் பணத்தில் செய்வதா என்ற கேள்விதான் இங்கேயும். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகச் செய்து பார்த்திருக்கிறது.

கட்ட ஆரம்பிக்கும்போதே மானியம் கொடுப்பது ஒரு வழி. அமெரிக்கா இதைப் பெரிய அளவில் செய்தது. நிலக்கரி மின்நிலையங்களில் கார்பன் பிடிக்கும் 8 திட்டங்களுக்கு அந்நாட்டு எரிசக்தித் துறை 68 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. அதில் கட்டி முடித்து இயங்கியது ஒன்றே ஒன்று என்று அரசின் தணிக்கை அமைப்பே 2021 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. டெக்சாஸில் உள்ள பெட்ரா நோவா என்ற அந்த ஒன்றும், பிடித்த வாயுவை எண்ணெய்க் கிணற்றில் செலுத்திக் கூடுதல் எண்ணெய் எடுக்கத்தான் பயன்பட்டது. 2020-ல் எண்ணெய் விலை விழுந்ததும் நிறுத்தினார்கள். 2023-ல்தான் மறுபடி ஓட்டினார்கள். கட்டுவதற்குப் பணம் கிடைத்தது, தொடர்ந்து ஓட்டுவதற்கு வருமானம் இல்லை. அதுதான் அங்கே நடந்த தவறு.

இன்னொரு வழி, வெளியிடுபவர் மீது வரி போடுவது. நார்வே 1991-ல் கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்களின் கார்பன் மீது வரி விதித்தது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்று கணக்குப் போட்ட எரிவாயு நிறுவனம், ஸ்லெய்ப்னர் என்ற இடத்தில் கடலடிக்குக் கீழே உள்ள மணற்பாறையில் 1996 முதல் கரியமில வாயுவைச் செலுத்தத் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவுக்குப் புதைத்தார்கள். வரி இருந்தவரை வேலை நிற்கவில்லை.

வேலை முடிந்த பிறகு டன் கணக்கில் காசு கொடுப்பது மூன்றாவது வழி. அமெரிக்கா பின்னர் இதற்குத்தான் வந்தது. 2022-ல் போட்ட சட்டப்படி ஆலைப் புகையில் பிடித்துப் புதைத்தால் டன்னுக்கு 85 டாலர் வரை, காற்றிலிருந்து எடுத்துப் புதைத்தால் 180 டாலர் வரை வரிச்சலுகை. புதைத்துக் காட்டினால்தான் காசு.

நம் குடும்பத்தார் பலர் இருக்கும் அபுதாபியிலும் இது உண்டு. முசஃப்பாவில் உள்ள எமிரேட்ஸ் ஸ்டீல் ஆலையிலிருந்து 2016 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் டன் வரை வாயுவைப் பிடித்துக் குழாய் வழியாகப் பாலைவனத்து எண்ணெய் வயல்களுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் அந்த ஆலையைப் பார்த்திருப்பார்கள். அரசின் எண்ணெய் நிறுவனமே செய்வதால் பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கேயும் வாயு போவது கூடுதல் எண்ணெய் எடுக்க. அந்த எண்ணெயை எரித்தால் மறுபடி வாயு. இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தியா எடுத்திருக்கும் முடிவு

2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று இந்தியா அறிவித்தது. வெளியிடும் அளவும் திரும்ப எடுக்கும் அளவும் சமமாக இருக்கும் என்பது இதன் பொருள். 2022-ல் மும்பை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூரு ஜவஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்திலும் இதற்கெனத் தேசிய ஆய்வு மையங்கள் அமைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் நிதி ஆயோக் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2050 வாக்கில் ஆண்டுக்கு 75 கோடி டன் வரை பிடிக்க வாய்ப்பு உண்டு என்று அதில் சொன்னார்கள்.

அதன் தொடர்ச்சிதான் இப்போதைய 20,000 கோடி. எந்தத் துறைகளுக்கு என்று பட்ஜெட்டிலேயே இருக்கிறது: மின்சாரம், உருக்கு, சிமெண்ட், எண்ணெய் சுத்திகரிப்பு, ரசாயனம். ஐந்துமே ஆலைப் புகைபோக்கிகள். குப்பை உதாரணத்தில் சொன்னால், பணம் முழுக்க இரண்டாவது வேலைக்கு. தோப்பும் இல்லை, வயலும் இல்லை.

சிமெண்டுக்கு ஏன் பணம் என்று சிலர் கேட்கலாம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. சிமெண்ட் ஆலையில் வரும் வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை; சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே வருகிறது. அடுப்பைச் சூரிய சக்திக்கு மாற்றினாலும் அது நிற்காது. பிடிப்பதைத் தவிரப் பெரிதாக வேறு வழி இல்லை. நம் மாநிலத்திலேயே அரியலூரில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிக்கும் ஆலை அமைக்கப்போவதாக டால்மியா சிமெண்ட் 2019-ல் அறிவித்தது. தூத்துக்குடிக்குக் கருவி கொடுத்த அதே கார்பன் கிளீன் நிறுவனத்துடன்தான் ஒப்பந்தம். ஐந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அது உற்பத்திக்கு வரவில்லை. இவ்வளவு பெரிய செலவைச் சோடா உப்பு விற்று ஈடுகட்ட முடியாது. இத்தகைய இடங்களுக்கு அரசு கைகொடுப்பதில் தவறு சொல்ல முடியாது.

மின்நிலையம் அப்படியல்ல. நிலக்கரி மின்சாரத்துக்கு மாற்றாகச் சூரிய மின்சாரமும் காற்றாலையும் இருக்கின்றன. அங்கே பிடிப்பதற்குச் செலவிடுவதா, நிலக்கரியையே குறைப்பதற்குச் செலவிடுவதா என்று கேட்பது நியாயம்தான். அமெரிக்காவின் எட்டுத் திட்டங்களும் நிலக்கரி மின்நிலையங்களே என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன்னைப் பிடித்துப் புதைக்க 4,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 20,000 கோடியையும் அதற்கே கொடுத்தால் 5 கோடி டன் பிடிக்கலாம். நாடு ஆறு நாளில் வெளியிடுவது அவ்வளவு. ஆக, இந்தப் பணம் பிரச்சினையைத் தீர்க்கும் பணம் இல்லை. தொழில்நுட்பத்தைப் பெரிய அளவில் ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பணம். அப்படிப் பார்த்தால் அது வீணும் இல்லை. 140 கோடி மக்களுக்குப் பிரித்தால் ஐந்தாண்டுக்கு ஆளுக்கு 140 ரூபாய் சொச்சம். ஆனால் நார்வேயும் அமெரிக்காவும் கற்ற பாடத்தைச் சேர்த்தால்தான் பலன். ஆலை கட்டியதற்காக மட்டும் பணம் கொடுத்தால் ஆலை நிற்கும், வேலை ஓடாது. வெளியிடுவதற்கு ஒரு விலை வேண்டும்.

அந்த விலைக்கான ஏற்பாடும் தொடங்கியிருக்கிறது. 2022-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பெரிய ஆலைகள் ஒவ்வொன்றுக்கும், ஒரு டன் பொருள் செய்ய இவ்வளவு வாயுதான் வெளியிடலாம் என்று வரம்பு வைப்பார்கள். வரம்புக்குள் நின்றவருக்குச் சான்றிதழ் கிடைக்கும். தாண்டியவர் அவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய துறைகளுக்கு முதல் வரம்புகள் வந்தன. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு சான்றிதழ். இதைத்தான் கார்பன் கிரெடிட் என்கிறார்கள்.

அப்படியானால் தோப்புக்கு வருகிற காகிதம் எது?

காற்றில் கலந்துவிட்டதைத் திரும்ப எடுக்கும் மூன்றாவது வேலைக்கு இந்தியாவில் இப்போது பெரும்பாலும் பணம் கொடுப்பது அரசு அல்ல. வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்கள் தாங்கள் வெளியிடுவதற்கு ஈடாகக் கிரெடிட் வாங்குகின்றன.

2025 ஜனவரியில் கூகுள் நிறுவனம், வராஹா என்ற இந்திய நிறுவனத்திடமிருந்து 2030-க்குள் ஒரு லட்சம் டன்னுக்கான கிரெடிட் வாங்க ஒப்பந்தம் செய்தது. குஜராத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல மரத்தை வெட்டி, காற்று அதிகம் புகாமல் சுட்டுக் கரியாக்கி, மண்ணில் கலப்பதுதான் வேலை. நம் ஊர் சிரட்டைக்கரி போலத்தான். சிரட்டைக்கரியை அடுப்பில் எரித்தால் கார்பன் காற்றுக்கே திரும்பிப் போகும். மண்ணில் புதைத்தால் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும்; மண்ணும் ஈரம் பிடிக்கும்.

அதே ஆண்டு ஏப்ரலில், இந்தியச் சிறு விவசாயிகளிடையே வேலை செய்யும் மாட்டி கார்பன் என்ற நிறுவனம் எக்ஸ்பிரைஸ் போட்டியில் 5 கோடி டாலர் முதல் பரிசு வென்றது. எரிமலைக் கருங்கல்லை மாவாக்கி நெல் வயலில் தூவுகிறார்கள். மழைநீரில் கரைந்த கரியமில வாயு அந்தக் கல்மாவோடு சேர்ந்து உப்பாக மாறிவிடுகிறது. விவசாயிக்குக் கல்மாவு இலவசம், பயிருக்கும் சத்து.

இவை உண்மையான வேலைகள். ஆக, கார்பனுக்குப் பணம் என்று சொல்லி வருகிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. ஆனால் இவர்கள் பெயரையும் அரசு ஒதுக்கிய 20,000 கோடியையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு இடைத்தரகர்கள் வருவார்கள். நாம் கவனிக்க வேண்டியது அவர்களைத்தான்.

அரசுத் திட்டம் நம் மாவட்டத்துக்கு நேரடியாகப் பொருந்துவது ஓரிடத்தில் உண்டு. அது அலையாத்திக் காடு, நம் பக்கம் கண்டல் என்று சொல்வது. கண்டல் காட்டின் சேற்று மண் கார்பனை நீண்ட காலம் பிடித்து வைக்கும்; அலையின் வேகத்தையும் தடுக்கும். 2023-ல் மத்திய அரசு மிஷ்டி என்ற திட்டத்தில் நாடு முழுக்க 540 சதுர கிலோமீட்டரில் கண்டல் வளர்க்க முடிவு செய்தது. தமிழ்நாடு அரசு 2022-ல் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்குவது அதன் இலக்கு. பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் கண்டல் இருக்கிறது. 2004 சுனாமி அங்கே பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. அந்த முகத்துவாரத்தில் ஒரு கண்டல் கன்று வளர்ந்தால் அது கார்பனுக்கும் நல்லது, கரைக்கும் நல்லது. புகைபோக்கிக்கு ஒதுக்கும் கவனத்தில் ஒரு பங்கு இதற்கும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கிராம சபையிலும், மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்திலும் இதைக் கேட்கலாம்.

ஒப்புப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. இது அரசுத் திட்டமா, தனியார் ஒப்பந்தமா? அரசு என்றால் ஆணை எண் எங்கே? வேளாண்மைத் துறை அல்லது வனத்துறை அலுவலகத்தில் நேரில் போய் விசாரியுங்கள்.

2. எதற்காகப் பணம்? ஏற்கெனவே நிற்கிற மரத்துக்குப் பொதுவாகக் கிரெடிட் கிடையாது. புதிதாகச் செய்யும் வேலைக்குத்தான் உண்டு. நாற்பது வருடத் தென்னைக்குப் பணம் தருகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள்.

3. எத்தனை ஆண்டு? இருபது, முப்பது ஆண்டு என்றால், அந்தக் காலத்தில் மரத்தை வெட்டலாமா, நிலத்தை விற்கலாமா, வங்கியில் அடமானம் வைக்கலாமா? புயலில் மரம் சாய்ந்தால் நஷ்டம் யாருக்கு? ஒக்கியில் எத்தனை ரப்பர் மரம் முறிந்தது என்று நமக்குத் தெரியும்.

4. கிரெடிட் விற்ற பணத்தில் நம் பங்கு எவ்வளவு? விலை எவ்வளவு என்பதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது? யார் அளக்கிறார்கள், எந்தப் பதிவேட்டில் பதிகிறார்கள்?

5. நம்மிடம் முன்பணம் கேட்கிறார்களா? பதிவுக் கட்டணம், அளவைக் கட்டணம் என்று எதைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

6. நிலம் யார் பெயரில்? வாப்பா பெயரில் இருந்து இன்னும் பாகம் பிரிக்காத நிலமானால், சகோதரிகள் உட்பட எல்லா வாரிசுகளுக்கும் அதில் உரிமை உண்டு. ஒருவர் மட்டும் ஒப்புப் போட்டு மற்றவர்களின் முப்பது ஆண்டைக் கட்டிவைக்கக் கூடாது. வக்ஃப் நிலமானால், வக்ஃப் வாரியத்தின் அனுமதி இல்லாமல் நீண்டகால ஒப்பந்தம் செய்யவே முடியாது. முத்தவல்லிகள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

7. ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நல்ல நிறுவனம் இதற்கு மறுப்புச் சொல்லாது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

பிளஸ் டூ முடித்து என்ன படிப்பது என்று யோசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லுங்கள். 20,000 கோடி ரூபாய் இறங்கும் துறைக்கு ஆட்கள் வேண்டும். கெமிக்கல் இன்ஜினியரிங், நிலவியல், மண்ணியல், அளவைத் தணிக்கை தெரிந்தவர்கள் வேண்டும். சிமெண்ட் ஆலைகளுக்கான சோதனை மையங்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கெடுக்கிறது. 2009-ல் இரண்டு பிள்ளைகள் இதே துறையில் இறங்கியபோது லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. இனி வருகிறவர்களுக்கு அரியலூரிலோ தூத்துக்குடியிலோ வேலை கிடைத்தால், பணம் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பெரியவரிடம் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்த ஆள் வந்தபோது அவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். மூன்றாவது கேள்வியில் அவன் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனானாம். இதுவரை வரவில்லை.

“வந்தா பாப்போம் தம்பி. பேப்பர் நம்ம கையிலதானே இருக்கு” என்றார்.

உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு காகிதம் வந்தால், ஒப்புப் போடும் முன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம், இன்ஷா அல்லாஹ்.